யாருடைய வெட்கம்?

வளரிளம் பிள்ளைகளிடம் பாலியல் பற்றிப் பேசலாமா கூடாதா என்று இந்த நாட்டில் பட்டிமன்றம் நடக்காத வருசம் இல்லை. மந்திரி பேசுகிறார், மடாதிபதி பேசுகிறார், மனநல மருத்துவர் பேசுகிறார். யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்தப் பதிமூணு வயசுப் பிள்ளை மட்டும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது.

படிக்கட்டு என்று சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புத் தலித் மாணவி, மாதவிலக்கு வந்துவிட்டது என்பதற்காக வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைக்கப்பட்டுப் பரீட்சை எழுதினாள். அம்மா போய் செல்போனில் படம் எடுத்ததால் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு எட்டு வருசம் முன்னால், 2017 ஆகஸ்டில், பாளையங்கோட்டையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உடுப்பில் கறை பட்டதற்கு வகுப்பில் அவமானப்படுத்தப்பட்டுச் செத்தே போனாள். பன்னிரண்டு வயசு. அவள் எழுதி வைத்த கடிதத்தில் ஆசிரியையைத்தான் சொல்லியிருந்தாள்.

இந்த இரண்டு பள்ளிகளிலும் அறிவியல் புத்தகம் இருந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிப் பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தாவரங்கள், விலங்குகளின் இனப்பெருக்கம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இனப்பெருக்க நலன் என்று தனிப் பாடமே இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது வாத்தியார் வாயில் ஏறுவதில்லை. மகரந்தச் சேர்க்கையைக் கரும்பலகை நிறையப் படம் போட்டு நடத்துகிறவர், அடுத்த பக்கம் வந்ததும் "இத வீட்ல போய்ப் படிச்சுக்கங்க, முக்கியமான கேள்வி இல்ல" என்று தாண்டுகிறார். பின்பெஞ்சில் சிரிப்பு. முன்பெஞ்சில் பொம்பளப் பிள்ளைகள் தலை குனிவு. அந்தச் சிரிப்புக்கும் தலைகுனிவுக்கும் நடுவில் ஒரு பாடம் நடந்து முடிகிறது. பூவுக்கு வெட்கமில்லை, உனக்கு உண்டு என்பதே அந்தப் பாடம்.

ஆகவே பள்ளிக்கூடம் பாலியல் பேசுவதில்லை என்பது பொய். காலையில் மணி அடித்ததிலிருந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறது. ரெட்டைச் சடை போடு, துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்து, பையன்கள் இந்தப் பக்கம் பொண்ணுங்க அந்தப் பக்கம், ஓடாதே, குதிக்காதே, சத்தமாகச் சிரிக்காதே. இத்தனையும் பாலியல் கல்விதான். பதில் சொல்லும் உரிமை இல்லாத கல்வி. நாம் கேட்பது, கேள்வி கேட்க இடமுள்ள கல்வி.

*

கொஞ்சம் வரலாறு பார்த்துவிடுவோம். 2005 இல் மத்திய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் சேர்ந்து பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. எய்ட்ஸ் பயத்தில் பிறந்த திட்டம், குறைகள் இருந்தன, பேசித் திருத்தியிருக்கலாம். 2007 இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று வரிசையாக மாநிலங்கள் அதைத் தடை செய்தன அல்லது நிறுத்தி வைத்தன. கட்சி பேதம் கிடையாது. இந்த ஒன்றில் மட்டும் எல்லாக் கொடியும் ஒரே கம்பத்தில் ஏறியது. பிறகு மாநிலங்களவையின் மனுக்கள் குழு, வெங்கய்ய நாயுடு தலைமையில் விசாரித்து 2009 இல் அறிக்கை தந்தது. நம் பண்பாட்டில் பாலியல் கல்விக்கு இடமில்லை, திருமணத்துக்கு முந்திய உறவு ஒழுக்கக்கேடு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், மகான்களின் வரலாற்றைப் பாடமாக வைக்க வேண்டும் என்றது.

அந்தக் குழுவின் கையெட்டும் தூரத்தில் இன்னொரு அறிக்கை கிடந்தது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி 2007 இல் வெளியிட்டது. 53.22 விழுக்காடு பிள்ளைகள் ஏதாவது ஒரு வகையில் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பாதிக்கு மேல் ஆண்பிள்ளைகள். அத்துமீறியவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியவர்கள். வீட்டுக்கு வரும் மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூசன் சார். இரண்டில் ஒரு பிள்ளை சொல்லிவிட்டது. குழு மகான்களின் வரலாற்றைப் படிக்கச் சொல்லிற்று.

பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிற வாதமும் செத்துப் பல வருசமாகிறது. யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: பாலியல் கல்வி பெற்றதால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை, தள்ளிப்போடுகிறார்கள், இறங்குகிறவர்களும் பாதுகாப்பாக இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவது தவறான எண்ணம் என்று தீர்ப்பில் எழுதியது. ஆதாரம் வேண்டுமென்றால் ஆதாரம் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது ஆதாரம் இல்லை. பிறகு என்னதான் பயம்?

*

பயத்தின் பேர் சாதி.

அண்ணல் அம்பேத்கர் 1916 இல், இருபத்தைந்து வயதில், கொலம்பியாவில் வாசித்த "இந்தியாவில் சாதிகள்" கட்டுரையில் இதை அவிழ்த்துப் போட்டுவிட்டார். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது. தன் சாதிக்குள்ளேயே கட்டிக்கொள் என்கிற வேலியைக் காப்பாற்றத்தான் உடன்கட்டை ஏறுதல், விதவைக்குக் கட்டாய வைதவ்யம், பால்ய விவாகம் மூன்றும் வந்தன என்றார். மூன்றும் பெண்ணின் உடம்பில் போட்ட பூட்டுகள். இன்றைக்கு உடன்கட்டை இல்லை. பால்ய விவாகம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்திய அளவில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 23.3 விழுக்காட்டினர் பதினெட்டு ஆவதற்குள் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். இரும்புப் பூட்டுகள் துருப்பிடித்துப்போன இடத்தில் இப்போது மாட்டியிருப்பது மௌனம் என்கிற பூட்டு. செலவில்லை, சத்தமில்லை, சட்டத்தில் குற்றமும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். தன் உடம்பு தன்னுடையது, வேண்டும் என்று சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் தனக்கு உரிமை உண்டு என்று ஒரு பதினைந்து வயசுப் பெண் தெளிவாகத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும்? சித்தப்பா கையை நீட்டும்போது வேண்டாம் என்பாள். அப்பன் பார்த்து வைக்கும் சாதி மாப்பிள்ளையையும் நாளைக்கு வேண்டாம் என்பாள். முதலாவது "வேண்டாம்" மட்டும் கற்றுக்கொடுத்து இரண்டாவதை மறைக்கிற வித்தை இன்னும் யாருக்கும் கைவரவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே மறைக்கிறார்கள். சித்தப்பன் கை நீண்டாலும் பரவாயில்லை, சாதிவேலி சாயக்கூடாது. இதுதான் "நம் பண்பாடு" என்பதன் கணக்கு.

2012 இல் தர்மபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டபோது என்ன சொன்னார்கள்? ஜீன்ஸ் போட்டு, டீ ஷர்ட் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி எங்கள் பெண்களை மயக்குகிறார்கள், நாடகக் காதல் என்றார்கள். அதாவது அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு மனசு என்று ஒன்று கிடையாது, கண்ணாடி மாட்டியவன் பின்னால் போய்விடுவாள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மறுவருசம் ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தான். 2015 இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டது திருச்செங்கோடு கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்கு. பேசியதற்கு! 2016 இல் உடுமலைப்பேட்டையில் சங்கரை நட்டநடுப் பகலில் வெட்டினார்கள். ஒரு ஆணும் பெண்ணும் மரியாதையாகப் பேசிக்கொள்வது எப்படி என்று பள்ளியிலும் சொல்லித்தராமல் வீட்டிலும் சொல்லித்தராமல் இருக்கும் ஒரு சமூகத்தில், பேசுவதே கொலைக்குப் போதுமான காரணமாகிவிடுகிறது.

*

இந்த விசயத்தில் நமக்கு முன்னோடி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1934 இல் பம்பாயில் ஒரு வழக்கு நடந்தது. ரகுநாத் தோண்டோ கார்வே என்பவர் "சமாஜ் ஸ்வாஸ்த்ய" என்று மராத்தியில் பத்திரிகை நடத்தினார். சித்பவன் பார்ப்பனர். கருத்தடை பற்றிப் பேசியதற்காகக் கல்லூரி வேலையை இழந்தவர். வாசகர்கள் தங்கள் அந்தரங்கச் சந்தேகங்களை எழுதிக் கேட்பார்கள், அவர் அறிவியல்படி பதில் எழுதுவார். சுயஇன்பம் பற்றி, தன்பால் விருப்பம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியது ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். அவருடைய சாதிப் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றவர் பாரிஸ்டர் அம்பேத்கர்.

பாலியல் பற்றி எழுதினாலே ஆபாசமாகிவிடாது என்று வாதாடினார். ஜனங்கள் கேட்கிறார்கள், கேட்பவனுக்கு அறிவைத் தருவதுதானே முறை, வக்கிரம் இருந்தாலும் அதை ஓட்டுவது அறிவுதானே என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்குத் தோற்றது. கார்வேக்கு 200 ரூபாய் அபராதம். நான்கு வருசம் கழித்து 1938 நவம்பரில் அண்ணலின் சுதந்திரத் தொழிலாளர் கட்சிக்காரரான ரோஹம் பம்பாய்ச் சட்டசபையில் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதுவும் தோற்றது. பூனா ஒப்பந்தத்தின் ரணம் ஆறாத காலம் அது. ஆயிரம் வேலை கிடந்த மனிதர், இது நம் பிரச்சினை இல்லை, படித்த பார்ப்பானின் பிரச்சினை என்று தள்ளிவிடவில்லை. இங்கே பெரியாரும் அதே காலத்தில் கர்ப்பத்தடையை எழுதினார். பெண்ணுக்குச் சுகக்கேடு, குடும்பத்துக்கு வறுமை என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களைத் தாண்டி, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார். "பெண் ஏன் அடிமையானாள்?" புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கிறது. இவர்கள் படங்களை மேடையில் மாட்டிவிட்டு மேடைக்குக் கீழே "பொம்பளப்பிள்ளைகிட்ட அதெல்லாம் பேசலாமா" என்று குசுகுசுக்கும் தோழர்களை என்ன செய்வது?

நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 2005 இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில், திருமணத்துக்கு முன் உறவு வைத்துக்கொண்டால் பெண்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும், படித்த ஆண் கன்னித்தன்மையை எதிர்பார்க்கக்கூடாது என்கிற அர்த்தத்தில் சொன்னார். தமிழ்நாடே கொதித்தது. தமிழ்ப் பெண்ணின் கற்பைக் காக்கத் துடைப்பமும் செருப்புமாகத் தெருவுக்கு வந்தவர்களில் தலித் இயக்கக்காரர்களும் இருந்தார்கள். 23 வழக்குகள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. நான் கேட்பது இதுதான்: யாருடைய கற்பு? சேரிப் பெண்ணின் உடம்பு அறுவடைக் களத்திலும் கரும்புத் தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் சீரழிக்கப்பட்டபோதெல்லாம் இந்தக் கற்பு எங்கே போயிருந்தது? நம் பெண்களுக்குக் கற்பு உண்டு என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத ஒரு சமூகத்தின் ஆயுதத்தை எடுத்து, அந்தச் சமூகத்தோடு தோளோடு தோள் நின்று சுழற்றினோம். ஊர்க்காரன் பாணியில் ஒழுக்கமாக இருந்து காட்டினால் மரியாதை தருவான் என்பது பழைய மயக்கம். தரமாட்டான். தந்ததில்லை.

*

தமிழ்ப் பண்பாடு என்பவர்களுக்குத் தமிழிலேயே பதில் சொல்வோம். எம்.ஏ. தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும், பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விசயம். அகப்பாட்டில் களவு என்றால் என்ன? கல்யாணத்துக்கு முந்திய காதல். தொல்காப்பியம் அதற்குத் தனி இயலே வைத்திருக்கிறது. இறையனார் களவியல் அதற்கென்றே ஒரு இலக்கண நூல். அதில் அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறை. தலைவி தன் களவைத் தோழியிடம் சொல்கிறாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தகப்பனிடமும் அண்ணன்மாரிடமும். வயசுக்கு வந்த பெண்ணின் மனசு வீட்டுக்குள் எந்தப் படியில் ஏறி வர வேண்டும் என்று வழி போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளதைச் சொல்வதற்கு அறம் என்று பேர். இற்செறிப்பும் அலரும் அன்றைக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சொல்வதற்கு ஒரு தோழி இருந்தாள், கேட்பதற்கு ஒரு செவிலி இருந்தாள். இன்றைக்கு ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அந்தச் செவிலி யார்? பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அதே தொல்காப்பியம்தான் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணையில் சேர்க்காமல் கைக்கிளை, பெருந்திணை என்று புறத்தே நிறுத்தியது. காதலிலும் ஊர் வேறு, சேரி வேறு. நம் ஆட்களின் காமம் இலக்கணத்திலேயே வேலிக்கு வெளியேதான். வள்ளுவரையும் விட்டார்களா? 2016 இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை குறளைப் பாடமாக்கச் சொன்னபோது அறத்துப்பால், பொருட்பால் 108 அதிகாரங்களும் உள்ளே வந்தன. காமத்துப்பாலின் 25 அதிகாரமும் வாசலுக்கு வெளியே. வள்ளுவருக்கே படிக்கட்டுதான் என்றால் நம் பிள்ளை எம்மாத்திரம்?

*

சேரியில் அம்மாக்களிடம் உட்கார்ந்து பேசினால் வேறு ஒன்று கேட்கிறது. "ஒனக்கென்னம்மா, படிச்சுட்ட, பேசுற. எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா ஊரே சொல்லும், அதுங்க அப்பிடித்தான்னு." இந்த அம்மாவின் பயத்தை வெங்கய்ய நாயுடு குழுவின் பயத்தோடு சேர்க்கக்கூடாது. அவர்கள் பயப்படுவது வேலி சாயுமே என்று. இவள் பயப்படுவது வேலிக்காரன் அடிப்பானே என்று. பிள்ளைக்கு ஒன்று நடந்தால் குற்றம் பிள்ளை தலையில்தான் விழும், காவல் நிலையத்தில் முதல் கேள்வியே "நீ ஏன் அங்க போன" என்றுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் வயசுக்கு வந்த அன்றே படிப்பை நிறுத்துகிறாள், பதினேழில் கட்டிக்கொடுக்கிறாள். மஞ்சள் நீராட்டுக்கு ரேடியோ செட்டு கட்டி, தாய்மாமன் சீர் தட்டு எண்ணி, தெருமுனையில் பிள்ளை படத்தோடு பேனர் வைக்கிறோம். ஊருக்கே அறிவிக்கிறோம். அந்தப் பிள்ளையிடம் மட்டும் உன் உடம்பில் என்ன நடந்தது என்று சொல்வதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அதை இனிமேல் தொடாதே, அங்கே இனிமேல் போகாதே.

அம்மா, மௌனம் உன் பிள்ளையைக் காப்பாற்றுமென்றால் நானும் வாயை மூடிக்கொள்வேன். காப்பாற்றவில்லையே. மௌனம் காப்பாற்றுவது தொட்டவனைத்தான்.

எப்படி என்று சொல்கிறேன். போக்சோ சட்டம் 2012 இல் வந்தது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையை நேரடியாகக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேள்வி வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் பதில் பிள்ளைதான் சொல்ல வேண்டும். எங்கே தொட்டான் என்று கேட்டால் எந்த வார்த்தையில் சொல்லும்? பாடப்புத்தகத்து வார்த்தையை வாத்தியார் உச்சரித்ததே இல்லை. வீட்டில் "அந்த இடம்". தெருவில் இருக்கிற வார்த்தை கெட்ட வார்த்தை, அம்மாவையும் அக்காவையும் சேர்த்துத் திட்டும்போது மட்டும் ஆம்பளைகள் எடுப்பது. கண், மூக்கு, கை, கால் என்று சொல்லிக்கொடுக்கும்போதே அதையும் அதன் பேரோடு சொல்லிக்கொடுத்திருந்தால்? பேர் தெரியாத உறுப்பில் நடந்த குற்றத்துக்குப் புகார் எழுத முடியாது. இது மௌனத்தின் முதல் விளைவு.

இரண்டாவது நம் பையன்கள் தலையில் விழுவது. பதினெட்டு வயசுக்குக் கீழே சம்மதம் என்கிற பேச்சுக்கே போக்சோ சட்டத்தில் இடமில்லை. பதினேழு வயசுப் பெண்ணும் பத்தொன்பது வயசுப் பையனும் விரும்பிப் பழகினாலும் பையன் குற்றவாளிதான். பையன் தலித், பெண் வேறு சாதி என்றால் பெண் வீட்டார் கையில் அரிவாளோடு இந்தச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்து, விரும்பிப் பழகும் வளரிளம் பருவத்தினரைக் குற்றவாளியாக்க இந்தச் சட்டம் வரவில்லை என்றது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைவரும் இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் சட்டத்தின் எழுத்து மாறவில்லை. சிறையிலிருந்தோ கூர்நோக்கு இல்லத்திலிருந்தோ உயர் நீதிமன்றம் வரை போய்ச் சேருவதற்குள் பையனின் படிப்பு போய்விடும். இதை எந்த அப்பன் தன் மகனிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான்? அடிப்பான், "பொண்ணுங்க பின்னாடி சுத்துன, கால ஒடச்சிருவேன்" என்பான். அதோடு சரி. மீதியை செல்போன் சொல்லிக்கொடுக்கிறது. அதில் வரும் படத்தில் பெண் வேண்டாம் என்று சொன்னால் வேண்டும் என்று அர்த்தம். நாம் வாயை மூடிக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த வாத்தியார் ராத்திரியெல்லாம் பாடம் நடத்துகிறான்.

*

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள்.

பெற்றவர்களுக்கு: பெரிய சொற்பொழிவு வேண்டாம். ஒரே நாளில் உட்காரவைத்துப் பேசி முடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. வயசுக்கு வருவதற்கு முன்னாலேயே, ஒன்பது பத்து வயசில், ரத்தம் வரும், அது நோயில்லை, தீட்டில்லை என்று பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் சொல்லுங்கள். பையனுக்குத் தூக்கத்தில் விந்து வருவது சகஜம், லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் லேகிய வைத்தியன் சொல்வது முழுப்பொய் என்று அப்பாவோ மாமாவோ சொல்லட்டும். தொடுவது மாமாவாக இருந்தாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதைப் பிள்ளை சொன்னால் மாமா முகம் கோணுமே என்று பார்க்காதீர்கள். முக்கியமாக, பிள்ளை ஒன்று சொல்ல வாயெடுக்கும்போது முதல் அடி விழக்கூடாது. "நீ சொன்னதே நல்லது, உம்மேல தப்பில்ல" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். முதல் தடவை அடி வாங்கிய பிள்ளை இரண்டாவது தடவை சொல்லாது. பதில் தெரியாவிட்டால் "தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. கேட்டுச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கு: பாடத்தைத் தாண்டாதீர்கள். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான். வகுப்பில் ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள், பேர் எழுதாமல் கேள்வி போடச் சொல்லுங்கள், வாரம் ஒரு நாள் பதில் சொல்லுங்கள். கார்வே செய்தது அதுதான். மாதவிலக்கைப் பற்றிப் பேசும்போது பையன்களை வெளியே அனுப்பாதீர்கள். கறை பட்டதும் சிரிப்பவன் அவன்தானே, அவனுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அத்துமீறல் பற்றிப் பிள்ளை சொல்ல வந்தால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். போக்சோ 19 ஆவது பிரிவுப்படி தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவருக்கு ஒரு வருசம் வரை. இதைப் பிள்ளையிடம் முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள், கூடவே நான் உன்னோடு வருவேன் என்றும் சொல்லுங்கள். பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைத்த பள்ளிகளின் கதை 2021 இல் சென்னையிலும் கோவையிலும் நாறியது. கோவையில் ஒரு மாணவி உயிரை விட்ட பிறகுதான் தெரிந்தும் சொல்லாத பள்ளி முதல்வரைக் கைது செய்தார்கள். 1098, 14417 எண்களைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டி என்ன பயன்? கழிப்பறைச் சுவரில் எழுதுங்கள், அங்கேதான் பிள்ளை தனியாக நின்று படிக்கும்.

விடுதிகளுக்கு: ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025 முதல் சமூகநீதி விடுதி என்று பேர். பேர் மாற்றியது சரி. தாழ்ப்பாள் இருக்கிற கழிப்பறை, தண்ணீர், நாப்கின், இரவில் பெண் காப்பாளர், காப்பாளர் மீதே புகார் என்றால் போய்ச் சொல்ல விடுதிக்கு வெளியே ஒரு ஆள். இவை இல்லாமல் சமூகநீதி வராந்தாவோடு நின்றுவிடும்.

டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒன்று: வயிற்றில் பிள்ளையோடு பதினாறு வயசுக்காரி வந்தால் வைத்தியம் பார்ப்பதுதான் முதல் வேலை. விரும்பிப் பழகி உண்டான கருவைக் கலைக்க வரும் சிறுமியின் பேரையும் அடையாளத்தையும், அவளும் பெற்றவர்களும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது தெரியாமல் போலீசுக்குப் பயந்து நாட்டு மருந்துக்காரியிடம் போய்ச் சாகிற பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியும்.

இயக்கத் தோழர்களுக்கு: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்குத் தக்க இடம். எத்தனை சேரியில் நம் அம்மாக்கள் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கிறார்கள்? கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நாற்காலியில் நாம் உட்கார வேண்டும். எட்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தினாயா, எப்போது நடத்தினாய், பையன்களும் இருந்தார்களா என்று கேட்க வேண்டும். கூடவே இன்னொன்று. "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்று படம் காட்டிவிட்டுப் போகும் தொண்டு நிறுவனங்களிடமும் கேளுங்கள்: கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வரும் வகுப்பறையில், 2023 இல் நாங்குநேரியில் சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய வயசில், தொடுதலைப் பற்றிச் சாதியைச் சொல்லாமல் எப்படிப் பாடம் நடத்துகிறாய்? தொட்டால் தீட்டு என்று ஒரு தேசமே கெட்ட தொடுதல் பாடம் நடத்தியது நம்மிடம்தான். தொடுதலின் அரசியல் நம்மைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பாடத்தை நாம் எழுத வேண்டும். நம் அம்மாக்களின் வார்த்தையில் எழுத வேண்டும்.

வெட்கம் என்று சொல்லி இதுவரை நம் தலையில் கட்டியது அவர்களுடைய மூட்டை. தொட்டவன் வெட்கப்படட்டும், மறைத்தவன் வெட்கப்படட்டும், பிள்ளையைப் படிக்கட்டில் உட்காரவைத்தவன் வெட்கப்படட்டும். நமக்கு வேலை இருக்கிறது. இந்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்தத் தேதி என்று கேட்டு வையுங்கள்.